அமுலு பேரில் ஒரு குழாயடி

விரிநிலத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அங்கே தண்ணீர் என்பது வெறும் நீல நிறம். கடல் கேட்டால் கடல், அருவி கேட்டால் அருவி. கண்ணில் ஒரு கண்ணாடியும் கையில் ஒரு பட்டையும் மாட்டிக்கொண்டால் போதும், பல்லாவரத்தில் மொட்டை மாடி அறையில் உட்கார்ந்தபடியே பனிமலையில் நடந்துவிட்டு வரலாம். அப்படிப்பட்ட உலகத்தில், ஒரு மனையில் பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குச் சண்டை போடுகிறார்கள், காது கொடுத்துக் கேட்க முடியவில்லை என்று ஒரு புகார் வந்தது.

புகாரைப் படித்த இளம்பரிதிக்கு முதலில் சிரிப்பும், பிறகு ஒரு குறுகுறுப்பும் வந்தன. அவன் விரிநிலத்தில் தர ஆய்வாளன். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். மனை மனையாகப் போய், பச்சையா சிவப்பா என்று முத்திரை குத்திவிட்டு வருகிற வேலை.

அந்த வருஷம் நிர்வாகம் ஒரே மூச்சில் இரண்டு உத்தரவு போட்டிருந்தது. முதல் உத்தரவு நிறத்தைப் பற்றியது. பச்சை மனைக்குக் குழந்தை குட்டியோடு யாரும் வரலாம். சிவப்பு என்று ஆகிவிட்டால் மனையை அப்படியே பெயர்த்து மேற்குத் தீவில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள், சூதாட்டக் கூடங்களுக்கும் உடுப்பில்லாத நடனங்களுக்கும் பக்கத்தில். பதினெட்டு வயது ஆகாதவர்கள் அங்கே நுழைய முடியாது. பெரியவர்கள் போகலாம். ஆனால் போய்வந்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டிக்கொள்ளும். வேலை கொடுக்கிறவர், வீடு கொடுக்கிறவர், பெண் கொடுக்கிறவர் எல்லாரும் இப்போது முதலில் தேடுவது அந்தப் புள்ளியைத்தான்.

இரண்டாவது உத்தரவு உரிமையைப் பற்றியது. ஒரு மனைக்கு ஒரே பெயர். நாலு பேர் சேர்ந்து வைத்திருந்த மனையானாலும் யாராவது ஒருவர் பெயருக்கு மாற்றியாக வேண்டும். அங்கே நடப்பதற்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. அவர் உயிருள்ள மனிதராகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் விரிநிலத்தில் நடமாடுகிறவர்களில் பாதி வெறும் பொம்மைகள். கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற பொம்மை, கோயில் வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்கிற பொம்மை. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பொம்மை பெயரில் மனை இருந்தால் அது நிர்வாகத்துக்குப் போய்விடும்.

எல்லா மனையிலும் 'செவி' என்று ஒரு கருவி ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கும். சூடான வார்த்தை விழுந்தால் அதுவே புகார் எழுதிவிடும். அதன் பிறகு ஆய்வாளன் போய் நாடிச் சோதனை செய்வான். திட்டு வாங்குகிறவரின் கைப்பட்டை அவர் நெஞ்சு என்ன பாடுபடுகிறது என்பதைச் சொல்லும். திட்டத் தொடங்கும்போது இருந்ததைவிட முடியும்போது நெஞ்சு கனத்திருந்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. திட்டுகிறவரின் நெஞ்சைப் பற்றிச் செவிக்கு அக்கறை இல்லை.

இளம்பரிதியின் வீட்டில் சூடான வார்த்தைக்கு வழியே இருந்ததில்லை. அவன் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான் என்று சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவன் மனைவி யாமினி தை மாதம் அம்மா வீட்டுக்குப் போனாள். "நீங்க ஃப்ரீயா இருக்கும்போது பேசலாம்" என்றாள். "சரிங்க" என்றான். இன்னும் பேசவில்லை.

*

அவன் போனபோது அந்த மனையில் காலை. உடைந்த தார்ச்சாலை, நீலத் தார்ப்பாய் போட்ட குடிசைகள், தெரு முனையில் ஒரு குழாய். குழாயின் வாயில் யாரோ வேட்டித் துணியைக் கிழித்து வடிகட்டி கட்டியிருந்தார்கள். வராத அழுக்குக்கு எதற்கு வடிகட்டி என்று அவனுக்குப் புரியவில்லை. பின்னால் ஆறு ஓடியது. நாற்றம் மட்டும் இல்லை. குழாயிலிருந்து தெருவின் பாதி வரைக்கும் பிளாஸ்டிக் குடங்கள் நின்றன. குடம் கொண்டுவராதவர்கள் தங்கள் இடத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் அந்தச் செங்கற்களைத் தாண்டித் தாண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

வரிசையின் முனையில் இரண்டு பெண்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றவள் தேசம்மா. ஐம்பது தாண்டிய உடம்பு, தெருவையே அளக்கிற குரல். எதிரே ஒல்லியாக, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு நின்றவள் அமுலு.

"ஏய் அமுலு! கண்ணு தெர்ல? என் கொடத்த நவுத்திட்டு ஒன்னுத வெக்கிற?"

"குழாய ஒங்கப்பன் கட்டிக் குடுத்தானா?" என்றாள் அமுலு. "நவுரு. விடிஞ்சதும் இந்த மூஞ்சியப் பாத்தா அன்னிக்கிப் பொழுது வெளங்கும்!"

"எங்கப்பன் கட்டிக் குடுத்தா ஒனுக்கு ஒரு சொட்டு உடுவேனா? வந்துட்டா பெருசா. யம்மா மேகலா, நீ இன்னா இளிக்கிற? சக்கர மாத்திரய முழுங்காம முந்தானைல முடிஞ்சி வெச்சிக்கினு கீறியே, எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? காலு வீங்கிக் கெடக்கு, இதுல சிரிப்பு!"

வரிசையில் நின்ற மேகலா என்பவள் சட்டென்று காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "முழுங்குறேன்க்கா" என்று முனகினாள்.

"முழுங்கு, என் கண்ணு முன்னால முழுங்கு. சாவறதுன்னா அப்பால சாவு, இப்ப வரிசைல நில்லு."

இளம்பரிதி இப்படி ஒரு சண்டையை அருகில் நின்று பார்த்ததே இல்லை. சந்தையில் வித்தை பார்க்கிற பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றான். பிறகுதான் வேலை நினைவுக்கு வந்து நாடியைப் பார்த்தான். தேசம்மாவின் நெஞ்சு, அமுலுவிடம் அத்தனை திட்டு வாங்கிய பிறகு, வெயிலில் வந்தவர் மோர் குடித்த மாதிரி அடங்கியிருந்தது. அமுலுவின் பக்கம் எதுவுமே காட்டவில்லை. பட்டை தளர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

சண்டை ஓய்ந்ததும் இன்னொரு வேடிக்கை நடந்தது. தேசம்மாவே அமுலுவின் குடத்தை எடுத்துக் குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டாள்.

"இது என்னங்க, இவ்வளவு நேரம் சண்டை போட்டுட்டு அவங்களுக்கே விட்டுட்டீங்க?" என்று கேட்டான்.

"திட்டு வாங்குனவ மொதல்ல புடிக்கணும். அதான் கொழாயடி நாயம்" என்றாள் தேசம்மா. "நீங்க யாரு சார்? கொடத்தக் காணோம்?"

அவன் யார் என்று தெரிந்ததும் தெரு அடங்கிவிட்டது. கூட்டத்திலிருந்து பவானி என்ற பெண் முன்னால் வந்தாள். வரைகலைக் கடையில் வேலை செய்கிறவள், இந்தத் தெருவை விரிநிலத்தில் கட்டியது அவள்தான். ஆற்றோரத்தில் இருந்த அவர்களின் குடிசைகளை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே, ஆளுக்கொரு மூலையில், அடுக்குமாடிகளில் வீடு கொடுத்திருந்தார்கள். வீட்டுக்குள்ளேயே குழாய். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அதனால்தான் பழைய தெருவை இங்கே எழுப்பியிருக்கிறார்கள்.

"சரி, தண்ணியை ஏன் இவ்வளவு கம்மியா விடுறீங்க? இங்க தண்ணிக்கு என்ன பஞ்சம்?" என்றான் இளம்பரிதி.

"மொதல்ல எப்பவும் கொட்டுற மாதிரிதான் சார் வெச்சேன்" என்றாள் பவானி. "வந்தாங்க, புடிச்சாங்க, போனாங்க. ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. எனக்கே அழுகையா வந்துச்சு. அப்புறம்தான் பாதி வரிசைக்கு மேல தண்ணி நின்னுடற மாதிரி மாத்தினேன். அன்னைக்கே மேகலாக்கா வீட்டுக்காரர் வேலைய விட்ட விஷயம் வெளிய வந்துடுச்சு. யார் வூட்டுல என்னன்னு திட்டுலதான் சார் எங்களுக்குத் தெரியும்."

அவனுக்கு இது புதிதாக இருந்தது. சிவப்பு முத்திரை விழுந்தால் என்ன ஆகும் என்பதை அவனும் சொன்னான். பிள்ளைகள் வர முடியாது என்றதும் முகங்கள் வாடின. புள்ளியைப் பற்றிச் சொன்னதும் இன்னும் வாடின. அங்கிருந்த பெண்களில் பலர் பெரிய குடியிருப்புகளில் சமையல், வீட்டு வேலை பார்க்கிறவர்கள். பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளியோடு எந்த வீட்டுக் கதவும் திறக்காது.

"பயப்படாதீங்க. சோதனை இன்னும் முடியல, அமுலு அம்மாவோட நாடி விழல" என்றான். "மனை அவங்க பேர்ல இருக்கறதால அவங்க குரல் சோதனையில இருந்தே ஆகணும். நான் மறுபடி வர்றேன். அதுவரைக்கும் கொஞ்சம் மரியாதையா பேசிக்குங்க. மத்ததை நான் பாத்துக்குறேன்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அங்கேதான் வினை.

*

அடுத்த தடவை அவன் போனபோது தெரு கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது. பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தேசம்மா செய்தி வாசிக்கிறவள் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வாங்க மேகலா. வணக்கம். நல்லா இருக்கீங்களா? நீங்க மொதல்ல புடிங்க."

"பரவால்லீங்க. நீங்களே புடிங்க" என்றாள் மேகலா.

"இல்லீங்க, நீங்க."

பவானியும் தன் பங்குக்கு, "தேசம்மா அவர்களே, உங்க புடவை ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள். யாரும் குடத்தை எடுக்கவில்லை. தண்ணீர் தெருவில் ஓடியது. பார்க்க மிக நாகரிகமாகத்தான் இருந்தது. ஆனால் இளம்பரிதி நாடியைப் பார்த்ததும் திடுக்கிட்டுப் போனான். தெருவிலிருந்த அத்தனை பெண்களின் நெஞ்சும் கனத்துக் கிடந்தது. மேற்குத் தீவில்கூட அவன் இப்படி ஒரு சிவப்பைப் பார்த்ததில்லை.

மேகலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பத் தொடங்கினாள். "நான் இன்னா தப்பு பண்ணேன்? அக்கா என்னிய வாங்க போங்கன்னுது. மாத்திர போட்டியான்னு ஒரு வார்த்த கேக்கல. ஒறவே வோணாம்னு முடிவு பண்ணிக்கினாப்பல!"

"ஏய், சார் நிக்கிறாரு, வாய மூடு... வாய மூடுங்க" என்றாள் தேசம்மா. அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"குழாய ஒங்கப்பன் கட்டிக் குடுத்தானா? நவுரு. விடிஞ்சதும் இந்த மூஞ்சியப் பாத்தா அன்னிக்கிப் பொழுது வெளங்கும்!"

அமுலு. தெருவே மரியாதையில் விறைத்துக் கிடந்தபோது அவள் ஒருத்தி மட்டும் மாறவில்லை. அதே வார்த்தை, அதே ஏற்ற இறக்கம், கொண்டையை இறுக்குகிற அதே கை. இளம்பரிதி அவள் பக்கத்தில் போய் நின்று, "அம்மா, உங்க பேர் என்ன?" என்று கேட்டான். அவள் அவனைப் பார்த்தாள். "நவுரு" என்றாள்.

அவன் திரும்பித் தேசம்மாவைப் பார்த்தான். எல்லாப் பெண்களும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொம்மையா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"போன வருஷம் செத்துட்டா சார்" என்றாள் தேசம்மா. "இங்க போட்ட சண்டையெல்லாம் பவானிகிட்ட பதிவா இருந்திச்சி. நான்தான் அழுது பொரண்டு இவள செய்யச் சொன்னேன். சண்ட போட ஆளு இல்லாம எனுக்குச் சோறு எறங்கல."

"அது உங்க இஷ்டம். ஆனா செத்தவங்க பேர்ல மனையை ஏன் எழுதினீங்க?"

"வேற யார் பேர்ல எழுதறது? மேகலா பேர்லன்னா நாலு பேருக்கு ஆவாது. என் பேர்லன்னா யாருக்குமே ஆவாது, நாளிக்கே வித்துட்டு ஓடிடுவேனாம். எல்லாரும் ஒத்துக்கினது இவ ஒருத்திக்குத்தான். செத்தவ எப்டி சார் விப்பா?"

"ஓ, சாமி பேர்ல நிலம் எழுதி வைக்கிற மாதிரியா?"

"சாமியா? இந்தக் கய்தையா?" என்று தேசம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழத் தொடங்கினாள். இளம்பரிதிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"குடிசைங்கள எடுக்கறதுக்கு முன்னால கணக்கெடுக்க வந்தாங்க சார்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கதவு கதவா பெயிண்ட்டுல நம்பர் போட்டாங்க. நம்பர் போட்ட கதவுக்கு வூடு. அன்னிக்கி இவ மீன் எடுக்கப் போயிருந்தா. கூடையோட வந்து பாக்கசொல்ல தெரு பூரா நம்பர் கீது, இவ கதவு மட்டும் வெறுங்கதவு. எங்க போயி கேட்டும் நடக்கல. கடசி வரிக்கும் எங்கூட்டு வராண்டாலதான் கெடந்தா. எடம் குடுத்தது நானுன்னு நான் திட்டுவேன், வராண்டா ஒரு எடமான்னு அவ திட்டுவா. தன் பேரு எழுதுன எடம் ஒண்ணு இல்லாமயே போய்ச் சேந்துட்டா. அத்தொட்டுதான் எழுதினோம்."

குழாய் மட்டும் ஓடியது.

"இப்ப என்ன சார் ஆகும்?" என்றாள் பவானி.

இளம்பரிதி பெருமூச்சு விட்டான். "அவங்க பொம்மைன்னு நான் எழுதினா மனை பச்சை. பொம்மையைத் திட்டறது குத்தமே இல்ல. ஆனா பொம்மை பேர்ல மனை இருக்க முடியாது, நிர்வாகத்துக்குப் போயிடும். அவங்க ஆளுன்னு எழுதினா மனை உங்ககிட்டயே இருக்கும். ஆனா திட்டு வாங்கும்போது நாடி தெரியணும். தெரியலன்னா மறைச்சதாதான் செவி எடுத்துக்கும். மறைச்சா சிவப்பு."

"வேற யார் பேர்லயாவது மாத்திட்டா?"

"மாத்தறதுக்குக் கொடுத்த கெடு முடிஞ்சுபோச்சு. இனிமே உரிமையாளரே நேர்ல வந்து 'கொடுத்துட்டேன்'னு சொல்லணும்."

பவானி தலையைப் பிடித்துக்கொண்டாள். "அமுலுக்கா எந்தச் சண்டையிலும் அந்த வார்த்தைய சொன்னதே இல்ல சார். பதிவுல கிடையாது."

"பொம்மைன்னே எழுதிக்க சார்" என்றாள் பின்னாலிருந்து மேகலா. "எடம் போனா போவுது. நம்ம பேருக்குப் புள்ளி வர வோணாம்."

தேசம்மா சுழன்று திரும்பினாள். "ஒரு தபா அவனுங்க வந்து இவ கணக்குல இல்லன்னாங்க. இப்ப நாம நம்ம வாயால சொல்லணுமா, இவ ஆளே இல்லன்னு? நான் சொல்ல மாட்டேன். யாராச்சும் சொன்னீங்க..."

இளம்பரிதி முத்திரை குத்திய மனைகளில் இதுவரை யார் இருக்கிறார்கள் என்று அவன் கேட்டதே கிடையாது. நிறத்தைப் பார்த்தான், போனான். இப்போது இந்தத் தெருவை விட்டு அப்படிப் போக அவனால் முடியவில்லை.

யோசித்தான். உரிமையாளரின் குரல் சோதனையில் இருக்க வேண்டும். திட்டு வாங்குகிறவரின் நாடி தெரிய வேண்டும். திட்டுகிறவரின் நாடியைச் செவி பார்ப்பதில்லை.

"தேசம்மா, அமுலு அம்மா உங்களைத் திட்டட்டும். நீங்க மட்டும் பதில் சொல்லாம நின்னா போதும். அப்போ திட்டு வாங்கறது நீங்க மட்டும்தான். அவங்க நாடியைச் செவி கேக்காது."

"அவ்ளோதான? நிக்கிறேன்" என்றாள் தேசம்மா. உதட்டைக் கடித்துக்கொண்டு அமுலுவுக்கு எதிரே போய் நின்றாள்.

"குழாய ஒங்கப்பன் கட்டிக் குடுத்தானா?" என்றாள் அமுலு.

தேசம்மாவின் கன்னம் துடித்தது. கை இடுப்புக்குப் போனது. "நவுரு" என்று அமுலு சொன்னதுதான் தாமதம், "நீ நவுருடி!" என்று வெடித்துவிட்டாள். சோதனை பாழ். மேகலாவை நிறுத்திப் பார்த்தார்கள். அவள் முதல் வார்த்தைக்கே பதில் சொன்னாள். பவானி இரண்டாவது வார்த்தை வரைக்கும் தாங்கினாள். அமுலுவிடம் திட்டு வாங்கிக்கொண்டு சும்மா நிற்க அந்தத் தெருவில் ஒருத்திக்கும் உடம்பு வளையவில்லை.

எல்லாரும் சோர்ந்துபோய் நின்றபோதுதான் இளம்பரிதிக்கு அந்த எண்ணம் வந்தது. திட்டினால் பதில் பேசாத மனிதன் ஒருவன் அந்தத் தெருவில் இருந்தான். வாழ்க்கை முழுக்க அவன் வேறு எதையும் பழகவில்லை.

அவன் சென்று அமுலுவுக்கு எதிரே நின்றான். சோதனையைத் தொடங்கிவிட்டு, ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டான். "இந்த மனை உங்களுடையதுதானா?"

"குழாய ஒங்கப்பன் கட்டிக் குடுத்தானா?" என்றாள் அமுலு. அவன் பேசாமல் நின்றான். அவள் கொண்டையை இறுக்கினாள். பதில் சொல்லாத ஆட்களுக்கென்று அவளிடம் வேறு வார்த்தைகள் இருந்தன போலிருக்கிறது. எந்தக் காலத்தில் யாரைச் சொன்னாளோ, அவை இப்போது வரிசையாக வந்தன.

"இன்னா நிக்கிற, நட்டு வெச்ச மாதிரி? வாய்ல இன்னா கொழுக்கட்டையா? ஒருத்தி தொண்ட கிழியக் கத்துறேன், ஆமான்னு சொல்லு, இல்லன்னு சொல்லு, அடிக்கவாச்சும் வா! இப்டி நின்னா நான் யார்கிட்ட பேசறது, செவுத்துகிட்டயா? ஒன்னியக் கட்டிக்கினவ எப்டிதான் காலந் தள்ளுறாளோ, பாவம்!"

இளம்பரிதிக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. சமையலறை வாசலில் யாமினி நின்றது நினைவுக்கு வந்தது. ஏதாவது சொல்லுங்களேன் என்று அவள் கண்ணாலேயே கேட்ட நாட்கள், அவன் "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டிய நாட்கள். கண்ணாடிக்குள் அவன் கண்கள் நிறைந்துவிட்டன. ஐயோ, கெட்டது காரியம் என்று நினைத்தான். நெஞ்சு கனத்துவிட்டால் சிவப்பு. தெருவே அவன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நவுரு" என்று முடித்தாள் அமுலு.

நகர்ந்தான். பட்டையைப் பார்த்தான். நெஞ்சு முதலில் எகிறியிருந்தது. பிறகு இறங்கியிருந்தது. தொடங்கியபோது இருந்ததைவிடக் கீழே, தை மாதத்திலிருந்து அது போகாத ஆழத்துக்கு இறங்கியிருந்தது. செவி யோசித்தது. பச்சை என்றது.

தெருவில் எழுந்த கூச்சலுக்குச் செவி அன்று தனியாக ஒரு புகார் எழுதியிருக்க வேண்டும்.

'உரிமையாளரின் குரல் சோதனையில் இருந்தது. உரிமை பற்றிக் கேட்டதற்கு உறுதியாகப் பதில் வந்தது' என்று இளம்பரிதி பதிவு செய்தான். அதில் பொய் எதுவும் இல்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று செவி கேட்கவில்லை. கேட்காததை அவன் எழுதவில்லை, அவ்வளவுதான். நிர்வாகம் பிறகு தோண்டினால் அவன் வேலை போகும். அதுவும் அவனுக்குத் தெரியும்.

"தம்பி" என்றாள் தேசம்மா. 'சார்' போய்விட்டிருந்தது. "திட்டு வாங்குனவன் மொதல்ல புடிக்கணும். கொடம் எங்க?"

அவனிடம் குடம் இல்லை. மேகலா தன் குடத்தைக் கொடுத்தாள். இல்லாத தண்ணீரைப் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் நின்ற கோலத்தைப் பார்த்து அந்தத் தெரு சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

கண்ணாடியைக் கழற்றியதும் அவன் யாமினிக்குத் தொலைபேசினான். "சொல்லுங்க" என்றாள்.

"நீ ஏன் போன?" என்று கேட்டான்.

"இத்தனை மாசம் கழிச்சு இப்பதான் கேக்கத் தோணுச்சா உனக்கு?" என்று குரல் உடைந்து வந்தது. அதன் பிறகு அவள் நிறுத்தவில்லை. அவனும் இந்தத் தடவை சும்மா இருக்கவில்லை.

*

மனைக்குப் பெயர்ப் பலகை வைக்கிற நாளில் இளம்பரிதி மறுபடியும் போனான். அது அவன் வேலையில்லை. சொந்தக் குடத்தோடு போனான், வரிசையில் கடைசியாக வைத்தான். "யார்ரா அது, செங்கல்ல நவுத்துறது?" என்று யாரோ கத்த, "நான் ஏன் நவுத்தறேன்? காத்துல நவுந்திருக்கும்!" என்று பதிலுக்குக் கத்தினான். குரல் கொஞ்சம் நடுங்கியது. பழகினால் சரியாகிவிடும் என்று பவானி தைரியம் சொன்னாள்.

குழாய்க்கு மேலே பச்சைப் பலகை. அதில் பெரிய எழுத்தில், உரிமையாளர்: அமுலு. தேசம்மா அதற்கு எதிரே நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்து, மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு குழாயடிக்குப் போய்த் தன் குடத்தை முன்னால் வைத்தாள்.

அமுலு கொண்டையை இறுக்கிக்கொண்டு வந்தாள். "குழாய ஒங்கப்பன் கட்டிக் குடுத்தானா?"

வரிசை முழுவதும் தேசம்மாவின் பதிலுக்குக் காத்திருந்தது. இளம்பரிதியும் காதைத் தீட்டிக்கொண்டான்.

"இல்லடி" என்றாள் தேசம்மா. "ஒன்னுதுதான். பேரு போட்டு கீது, பாரு."

அமுலு வாயைத் திறந்தாள். எந்த வார்த்தையும் வரவில்லை. அவள் இருந்த காலத்தில் ஒருவரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை, அதனால் பதிலுக்குப் பதிவில் எதுவும் இல்லை. கை கொண்டையிலேயே நின்றுவிட்டது.

தேசம்மா குனிந்து தன் குடத்தை நகர்த்திக்கொண்டாள். அமுலுவின் குடத்தை எடுத்துக் குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டாள்.